நான்காம் மாடியில் ஓர் உறுதிமொழி

ஆறு வயது மகள் நிரஞ்சனாவைப் பள்ளிக்கு அனுப்பப் போவதில்லை, வீட்டிலேயே நானே சொல்லிக்கொடுப்பேன் என்று முடிவெடுத்திருந்தேன். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் அனுமதிக்காக நாற்பது பக்கப் பாடத்திட்டமும் தயார்.

"போதும்லா, புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பு" என்ற கணவரிடம் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை, எங்கள் செங்காங் நான்காம் மாடி வீட்டுச் சன்னலோரம் அவள் நின்றிருந்தாள். எதிர்ப் பள்ளித் திடலில் கொடி ஏறியது. ஒலிபெருக்கியோடு சேர்ந்து, வலக்கையை மடக்கி நெஞ்சில் வைத்தபடி, தேசிய உறுதிமொழியை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். நான் அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

"எப்படிம்மா கத்துக்கிட்ட?"

"டெய்லி அவங்ககூட சேர்ந்து சொல்றேன்மா. நான் சொல்றது அவங்களுக்குக் கேக்குமா?"