காய்ச்சல்காரனின் கிட்டார்

அமஸ்தானுக்குக் கடுமையான காய்ச்சல் என்று மாமியார் வீட்டில் எல்லோரும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்த அந்தப் பகல் வேளையில், அவன் தன் வீட்டு முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டீக்கெட்டிலில் கிட்டார் கம்பிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

சஹாரா பாலைவனத்து ஊரான தமன்ராசெட்டில் புதுக் கம்பி குதிரைக்கொம்பு. பழசைக் கழற்றிக் கொதிக்கவிட்டால் விரல் அழுக்கும் மணலும் கழன்று, இன்னும் இரண்டு கல்யாணத்துக்குப் புதுசு மாதிரியே பேசும். இந்த ஊரில் கிட்டார் வாசிக்கிறவன் வீட்டு டீயில் இரும்பு வாடை அடிக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

அன்று அவன் மச்சினிக்குக் கல்யாணம். கார் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு அங்கே வாசிப்பதாக எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தான். மாமியார் தெகியாவிடம் நேரில் சொல்லவில்லை. துவாரெக் இனத்து ஆண்பிள்ளை எவனாவது மாமியார் முன்னால் நின்று பேசுவானா? மனைவி லெம்தூனா மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தான். அந்தச் சந்தோஷத்தில் தெகியாவும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க மாப்பிள்ளை வாசிக்கிறார்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

முந்தாநாள்தான் இன்னொரு தகவல் வந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு பணக்காரர் வீட்டுக் கல்யாணம். வெளியூர்க் குழு. அதில் ஒரு கிட்டார்க்காரன் வரவில்லை. ஜெனரேட்டர், மேடை, ஆளுயர ஸ்பீக்கர்கள்! நன்றாக வாசித்தால் கூடவே கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார்கள். அமஸ்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கல்யாணமும் ஒரே நாள், ஒரே சாயங்காலம். மனுஷனுக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்?

லெம்தூனா தாய்வீட்டுக்குப் போய் மூன்று நாளாகியிருந்தது. சேதி சொல்லக் கிடைத்தவன் கூமர். அத்தை மகன். அத்தை மகன் என்றால் வாய்க்கு வந்தபடி கேலி செய்யலாம், கேட்கிறவன் கோபித்துக்கொண்டால் அவனுக்குத்தான் மானக்கேடு. கூமர் அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

"காய்ச்சலா? உனக்கா? அடேய் பல்லி மூஞ்சி, காய்ச்சல் உன் பக்கத்துல வந்தா அதுக்கே ஜன்னி கண்டுடும்டா."

"போய்ச் சொல்லுடா."

"சொல்றேன். பொய்க் காய்ச்சல்னும் சேர்த்துச் சொல்றேன்."

"சொல்லிக்கோ. நீ சொன்னா எவன் நம்புவான்?"

அப்படித்தான் அமஸ்தான் நிம்மதியாக வேலையில் இறங்கினான். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தக் கட்டைகளின் இடுக்கிலிருந்து மணலைத் தட்டினான். திருகினால் கரகரக்கும் ஒலிக்குமிழைக் கழற்றி ஊதினான். கழுத்துப் பலகையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தான். அதற்கு மெத்தென்ற துணி வேண்டும். வீட்டிலேயே மெத்தென்ற துணி அவன் தலையில் இருந்தது. வாயையும் மூக்கையும் மறைத்து ஆண்கள் சுற்றிக்கொள்ளும், துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன பழைய முகத்துணி. புதுசில் தேய்த்தால் நீலச் சாயம் வெள்ளை எலெக்ட்ரிக் கிட்டாரில் ஏறிவிடும். வீட்டில்தான் யாரும் இல்லையே! அவிழ்த்தான். கொதித்த கம்பிகளை எடுத்து, ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் ஒவ்வொன்றாக உருவித் துடைத்தான். துணியெல்லாம் கருப்பு. வாய் பாட்டுக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்த சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. முற்றத்தில் கட்டியிருந்த ஆடு கத்தியபோது நிமிர்ந்தான்.

வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். கையில் மரக்கிண்ணம்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் பார்க்காத அவன் வாயும் மூக்கும் பட்டப்பகலில் பப்பரப்பா என்று திறந்து கிடந்தன. பதறிப்போய்க் கையிலிருந்த துணியை அள்ளி மூஞ்சியில் அப்பிக்கொண்டான். எண்ணெயும் கம்பி அழுக்குமாக முகமெல்லாம் கரி. அவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள். ஆனால் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்திருந்தாள்: கெட்டில், கிட்டார், ஆணியில் தயாராகத் தொங்கிய புது முகத்துணி.

திரும்பியபடியே அவள் ஆட்டைப் பார்த்துப் பேசினாள்.

"உன் எஜமானருக்கு உடம்பு அனலாக் கொதிக்குதுன்னாங்க. என் பொண்ணும் அங்க இருக்கா. ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமக் கிடக்கிறாரேன்னு ஓடி வந்தேன்."

ஆடு மென்றுகொண்டிருந்தது.

"மூலிகை போட்டுக் காய்ச்சின பால். ஆறுறதுக்குள்ள குடிக்கச் சொல்லு."

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியேறினாள். மகள் கல்யாணத்தன்று, நூறு வேலையைப் போட்டுவிட்டு, வழக்கத்தையும் மீறி அந்த வெயிலில் நடந்து வந்தவள். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவனால் தாங்கியிருக்க முடியும். அமஸ்தானுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளங்கால் வரை கூசியது.

மேடையாவது ஸ்பீக்கராவது! மூஞ்சியைக் கழுவினான். கம்பிகளை மாட்டினான், அவசரத்தில் ஒன்று கையைக் கிழித்தது. சுருதி சேர்த்தான். புதுத் துணியை எடுத்துக் கண் மட்டும் தெரியச் சுற்றினான். மாமியார் வீட்டுக்கே போவது, கேட்டால் காய்ச்சல் விட்டுவிட்டது என்பது, விடியும்வரை வாசிப்பது. பாவத்தை வேறு எப்படிக் கழுவுவது? கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், எதிரே கூமர்.

கூமர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"உன்கிட்ட மன்னிப்பு கேட்கத்தான்டா வந்தேன்," என்றான். "வழக்கம் போல வாயைத் திறந்தேன். 'அவனுக்குக் காய்ச்சலும் இல்ல கத்திரிக்காயும் இல்ல, பெரிய மேடைக்குப் போறான்'னு அத்தனை சம்பந்தி முன்னாடியும் சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பத்தான் உங்க மாமியார் வெளிய போயிட்டு உள்ள வந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'என் கண்ணால பார்த்துட்டு வர்றேன். உடம்பு நெருப்பாக் கொதிக்குது, எழுந்து நிக்க முடியல அவரால. என் மாப்பிள்ளையைப் பொய்யன்னு சொல்றவன் என்னையும் சேர்த்துச் சொல்லட்டும்'னாங்க. நிஜமாவே உனக்கு உடம்பு முடியலன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல..."

அதற்குப் பிறகுதான் கூமர் நிமிர்ந்து பார்த்தான். புது முகத்துணி. தோளில் பளபளவென்று கிட்டார்.

அமஸ்தான் காத்திருந்தான். பல்லி மூஞ்சி என்பான், ஊரைக் கூட்டிச் சிரிப்பான், என்னவாவது சொல்வான் என்று காத்திருந்தான்.

"உள்ள போய்ப் படுத்துக்கோ," என்று மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுக் கூமர் கதவை வெளியிலிருந்து சாத்தினான்.

அந்த மேடைக்கும் போக முடியாது, மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போக முடியாது. எங்கே தலையைக் காட்டினாலும் பொய்க்காரி ஆகப்போகிறவள் மாமியார்தான்.

சாயங்காலம் ஊரின் மறுகோடியில் ஸ்பீக்கர்கள் அதிர்ந்தன. மாமியார் வீட்டுப் பக்கமிருந்து பெண்களின் மத்தளமும் கைத்தட்டலும் மட்டும் வந்தன, கிட்டார் இல்லாமல். அமஸ்தான் ஆறிப்போன பாலைக் கசக்கக் கசக்க முழுசாகக் குடித்தான். பிறகு பாயில் உட்கார்ந்து, எந்த ஒயரையும் செருகாமல், மச்சினிக்காகப் பழகி வைத்திருந்த பாட்டை ஆரம்பத்திலிருந்து வாசித்தான். கம்பிகள் இவ்வளவு சுத்தமாக என்றைக்கும் பேசியதில்லை. அடுத்த அறையில் ஆள் இருந்திருந்தால்கூடக் கேட்டிருக்காது.