அவசரத்தில் இறுகிய வில்லைகள்

நகுல் எழுந்தான். பல் தேய்த்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, துடைக்கவில்லை. செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் மாறினான். யாருடைய வேர்வையோ அவன் சட்டைத் தோளில் பிசுபிசுத்தது. விக்ரோலியில் இறங்கினான்.

அவன் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியின் முதலாளி வேங்கடசுப்ரமணியனுக்கு அன்று ஏகாதசி விரதம். எண்ணெய் சொட்டும் சாபுதானா வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எதிரே தாராவி வியாபாரி சுயம்பு. மேஜையில் சுயம்பு உடைத்துப் போட்ட வெள்ளைப் பீங்கான் வில்லைகள்.

“மேல பாத்தா சலவைக்கல்லு, உள்ள பாத்தா உளுந்தவட. யாரு சார் ஒங்களுக்கு சூளைய வச்சது?”

சூளைக்குச் சூட்டுக் கணக்கு வகுத்தவள் ஷ்யாமளா, நகுலின் மனைவி. போன மாதம் மஞ்சள்காமாலை ஈரலைத் தின்றதில் இறந்துபோனாள். பொடிகள் சூட்டில் கலந்து வேறொரு பொருளாக மாறும்போது வாயு கிளம்பும். அது முழுக்க வெளியேறும்வரை சூட்டை ஏற்றாமல் நிறுத்திவைக்க வேண்டும். அந்த நிறுத்தத்துக்கு ஹோல்ட் என்று பெயர். முந்தினால் மேல்தோல் இறுகி மூடிக்கொள்ளும். வாயு உள்ளேயே குமிழாகச் சிக்கிக்கொள்ளும்.

“ஷ்யாமளாதான்,” என்றார் முதலாளி. உதட்டில் ஜவ்வரிசி ஒட்டியிருந்தது. “பாவம், ஆஸ்பத்திரிலேர்ந்து ஃபோன் பண்ணினா. ஹோல்ட் வேண்டாம் சார், நேரா ஏத்திடுங்கோன்னா. கடைசி வார்த்தையே அதான். எப்படித் தட்டறது? நகுலுக்குத் தெரியுமே.”

அவளுடைய காரியம் நடந்துகொண்டிருந்தபோது, கரண்ட் மிச்சமாகட்டும் என்று ஹோல்டை வெட்டச் சொன்னவர் இவர். சூளை பார்க்கும் இசக்கிராஜ் அதை நேற்றுதான் அவனிடம் சொன்னான்.

சுயம்பு திரும்பினார். “அப்படியா தம்பி? ஒங்க சம்சாரம் சொல்லித்தான் இந்தக் கூத்தா?”

தலையை ஆட்டினால் வேலை தங்கும். பழி அவள்மேல் விழும்.

“இல்ல. கடைசி நாள் முழுக்க நான் பக்கத்துலயே இருந்தேன். அவ ஃபோன் என் பாக்கெட்ல. யாருக்கும் பேசல.”

“நம்மாத்து விஷயம், அப்பறம் பேசிக்கலாம்டா,” என்று முதலாளி விரலை நக்கினார்.

“கடைசி வார்த்தைன்னு நீங்கதானே சார் ஆரம்பிச்சேள்?” என்றான் நகுல். “சாயங்காலம் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினா. குனிஞ்சேன். ‘உன் வாய் நாறறது நகுல். தள்ளி உக்காரு.’”