ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு

சாவு நடந்த மூன்றாம் நாள், துக்கப் பாயை எடுக்கும் ஜெபத்துக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். கூடத்தில் போட்டிருந்த ஒரே நாற்காலியில் பாதிரியார், அபூனா மகார். துணி போட்டு மூடிய கண்ணாடிக்குக் கீழே, பாயில், இறந்துபோன வஹீபின் மனைவி இஸ்திர். அவளை ஒட்டி நாத்தனார் மார்ஸா. கதவோரம் பக்கத்து வீட்டு ஸக்கீ, கால் மடங்காததால் சாய்ந்தபடி. நடுவில், தண்ணீர்க் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வஹீபின் அண்ணன் ஃபஹ்மி.

எங்கள் பக்கத்தில் எந்த ஜெபமும் நன்றியில்தான் தொடங்கும். சாவு வீட்டிலும் அப்படித்தான். எங்களைக் காத்தாய், தாங்கினாய், இந்த நேரம்வரை கொண்டுவந்து சேர்த்தாய் என்று அபூனா சொல்லச் சொல்ல, மற்றவர்கள் உதட்டோடு சேர்ந்து சொன்னார்கள். ஃபஹ்மி மட்டும் அதைச் சொல்லாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அபூனா தண்ணீரைத் தெளித்து முடித்ததும் ஸக்கீயும் மார்ஸாவும் பாயைச் சுருட்டினார்கள். சர்க்கரை போடாத காபி வந்தது.

“அபூ நாதி, ரஃபத்துக்கு நீதான் எழுதணும்” என்றாள் இஸ்திர், ஃபஹ்மியை அவன் மகன் நாதியின் பெயரால் அழைத்து. மெல்போர்னில் இருக்கும் அவள் மகனுக்குத் தந்தி மட்டும்தான் போயிருந்தது. “எனக்கு எழுத வராது. அவன் அப்பா எப்படிப் போனார்னு விவரமா எழுது.”

ஃபஹ்மி தாளை மடித்து ஓரக்கோடு போட்டான். சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் எழுத்தர். ஞாயிறுதோறும் பூசைக்கு முன்னால் கோயில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஊராருடைய பெயர்ச் சீட்டுகளை எழுதுவதும் அவன்தான். நோயாளிகள் ஒரு வரிசை, பயணம் போனவர்கள் ஒரு வரிசை, இறந்தவர்கள் ஒரு வரிசை. சீட்டு உள்ளே பீடத்துக்குப் போகும். அந்தப் பெயர்களுக்காக அங்கே ஜெபம் நடக்கும்.

தேதி, நேரம், நெஞ்சுவலி, மண்ணெடுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தான்.

“இதையும் எழுது” என்றாள் இஸ்திர். “உன் பெரியப்பா ஒரு ஞாயிறுகூட விடாம உன் அப்பா பேரைச் சீட்டுல எழுதினார்னு எழுது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுறப்பவே அப்பா சொல்லுவார், ‘இன்னிக்கும் அண்ணன் என் பேரைத்தான் முதல்ல போட்டிருந்தார்’னு. அதுல அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.”

பேனா நின்றது.

பத்தொன்பது வருஷமாக அவன் வஹீபின் பெயரை எழுதியதில்லை.

அந்த வருஷம் ஆயர் ஊருக்கு வந்து, அண்ணன் தம்பி இருவரில் இளையவன் தலையில் கைவைத்து, பூசையில் உதவிப் பாடும் ஷம்மாஸாக்கிப் பீடத்தருகே நிறுத்தினார். அதற்கடுத்த ஞாயிறு, குடும்பச் சீட்டில் தம்பி பெயருக்கு வரும்போது ஃபஹ்மியின் கை நின்றது. எழுதாமல் மடித்தான். பிறகு கை தானாகவே தாண்டிப் போகப் பழகிக்கொண்டது. பாடுகிற குரல் அவனுக்கு, மாடி வீடு அவனுக்கு, வெளிநாட்டு மகன் அவனுக்கு, ஜெபமும் எதற்கு? ஒரு தபசு கால நோன்பு முழுக்க வஹீபுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அத்தனை இரவும் ஃபஹ்மி நன்றாகத் தூங்கினான்.

“என்ன அண்ணே, மை தீந்துடுச்சா?” என்றாள் மார்ஸா.

“ஷம்மாஸ் வஹீபோட அண்ணனுக்கு மை தீருமா?” என்றார் ஸக்கீ. ஊரில் எல்லோரும் அவனை அப்படித்தான் சொல்வார்கள். “எனக்குன்னு ஒரு பேர் இருக்கு” என்று ஒவ்வொரு தடவையும் சீறுவான். இன்று சீறவில்லை.

அபூனா காபி கிளாஸைத் தடவி எடுத்தார். கண்புரை முற்றி வருஷக்கணக்காகிறது. “எனக்கு எங்கே கண்ணு தெரியுது? எல்லாச் சீட்டையும் வஹீபுதான் காதுல வாசிப்பான். உங்க வீட்டுச் சீட்டு வந்தா, கடைசியில உன் பேரை அவனாச் சேர்த்துப்பான், ஃபஹ்மி. ‘எழுதினவர் தன்னையே மறந்துட்டார், அபூனா’ம்பான். உனக்காக ஒரு தடவை ஜெபம், எழுதுற உன் கைக்காக ஒரு தடவை.”

வாசித்தவன் வஹீப். பத்தொன்பது வருஷம், ஞாயிறுதோறும், தன் பெயர் இல்லாத சீட்டை.

அபூனாவை ஸக்கீ கைபிடித்துக் கூட்டிப்போனார். மார்ஸா கிளாஸ்களைக் கழுவப் போனாள். ஃபஹ்மி வெகுநேரம் எழுதினான். பிறகு, “படிக்கிறேன், கேளு” என்றான்.

“‘மகனே ரஃபத், உன் அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். அது உண்மையில்லை. உன் அப்பா பெயரை நான் பத்தொன்பது வருஷமாக ஒரு நாளும் எழுதவில்லை. பொறாமைதான் காரணம், வேறில்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, வீட்டில் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. என் நாதிக்கு ஆலையில் வேலை கேட்டு மூன்று முறை நடந்தவன் அவன். நான் டைபாய்டில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவன் அவன். இதற்கெல்லாம் நான் நன்றி சொன்னதில்லை. அவனிடம் சொல்ல இனி முடியாது. உன்னிடம் சொல்கிறேன்.’”

இஸ்திர் தலைத்துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

“அப்போ என்கிட்டதான் பொய் சொல்லியிருக்கார். பத்தொன்பது வருஷமா. செருப்பைக் கழட்டிக்கிட்டே.”

“ஆமா.”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். போகிற போக்கில், “ஒட்டு. தபால் மூடிடப் போறான்” என்றாள்.

ஃபஹ்மி கடிதத்தை மடித்து உறையிலிட்டான். கிண்ணத்தில் மீந்திருந்த தண்ணீரில் விரலை நனைத்துப் பசையில் தடவினான்.

தபால் ஆபீஸ் பையன் உறையைத் திருப்பிப் பார்த்தான். “அனுப்புறவர் பேர் போடணுமே, பெரியவரே.”

ஃபஹ்மி பேனாவைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, வாசல் பெஞ்சில் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதினான்: ஷம்மாஸ் வஹீபின் அண்ணன்.

“இது போதுமா? உங்க பேர்?”

“இதான். இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.”

பையன் முத்திரையைக் குத்தி, உறையை வெளிநாட்டுச் சாக்கில் போட்டான்.