மூன்றாம் எண் சுருட்டு

"என் சுருட்டு எதுன்னு உன் நாக்குக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சு அரை மார்க் கூட்டிப் போட்டேன்னு வை, இனிமே நீயே சமைச்சுக்கோ" என்றாள் மிக்தாலியா, பேருந்து நிறுத்தத்தில் நாலு பேர் கேட்க.

"குறைச்சுப் போட்டா?" என்றான் எவேலியோ.

"குறை இருந்தா போடு கிழவா. நான் என்ன அழவா போறேன்?"

அழுதாள்தான், போன இரண்டு தடவையும். ஹவானாவில் அவர்கள் வேலை பார்த்த சுருட்டு ஆலையில் ஒன்பதாம் தரம்தான் உச்சி. அதைத் தொட்டவர்களிடம்தான் பெரிய சுருட்டுகளைச் சுருட்டக் கொடுப்பார்கள். அதற்கான தேர்வில் மிக்தாலியா இரண்டு முறையும் ஒரே குறைக்காகத் தோற்றாள். அவள் சுருட்டு இறுக்கம். இழுத்தால் புகை வராது. உப்பு போடுவதில் காட்டும் கஞ்சத்தனம் சுருட்டிலும் வந்துவிட்டது என்று எவேலியோ அப்போது ஒரு நகைச்சுவை சொன்னான். ஒரு வாரம் உப்பே இல்லாமல் சாப்பிட்டான்.

அவனும் அங்கே சுருட்டுகிறவன்தான். இந்த வருடம் சுவை பார்க்கும் ஐந்து பேரில் அவனையும் சேர்த்திருந்தார்கள். யார் சுருட்டியது என்று சொல்ல மாட்டார்கள், எண் மட்டும்தான். இழுப்புக்கு யாராவது ஒருவர் ஆறுக்குக் கீழே போட்டாலும் அந்த எண் அவ்வளவுதான். ஐவரில் ஒருவர் எழுந்து போனாலோ தேர்வே ஆறு மாதம் தள்ளிப் போய்விடும். ஆகவே எவேலியோ படியேறும்போதே முடிவு செய்துகொண்டான்: நாக்கு சொல்வதைத்தான் எழுதுவது. நாக்குக்குக் கல்யாணம் ஆகவில்லை.

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சுருட்டிலும் இரண்டு விரல்கடை மட்டும் குடித்துவிட்டு, சர்க்கரை போடாத தேநீரால் வாயைக் கழுவ வேண்டும். ஒரு கியூபனிடம் இதைவிடப் பெரிய தியாகத்தைக் கேட்க முடியாது.

முதல் இரண்டும் பழுதில்லை. மூன்றாவதன் நுனியை வெட்டி, பற்றவைக்காமலே ஒரு இழுப்பு இழுத்தான். பூட்டிய கதவின் சாவித் துவாரத்தில் வாய் வைத்து உறிஞ்சியது போலிருந்தது.

இந்த இறுக்கம் அவனுக்குப் பழக்கம். மிக்தாலியா.

பற்றவைத்தான். மணம் அற்புதம், கொக்கோவும் ஈரமண்ணும் கலந்த வாசனை. சாம்பல் உதிராமல் வெள்ளையாக நின்றது. புகைதான் வரவில்லை. ஆறு போட்டால் பிழைத்துவிடுவாள். ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் பேனா கொஞ்சம் வளைவதுதானே வித்தியாசம்? இன்னும் ஒரு விரல்கடை குடித்துப் பார்த்தான். கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டன.

"என்னய்யா, சுருட்டு குடிக்கிறியா, முத்தம் குடுக்கிறியா?" என்றார் பக்கத்தில் இருந்த ருபெர்த்தோ.

"ரெண்டுக்கும் வழிவிட மாட்டேங்குது."

ஐந்து என்று எழுதினான். யாரும் ஆறு என்று படித்துத் தொலைக்காதபடி அதன்மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினான். பிறகு தேநீரை ஒரே மூச்சில் குடித்தான். அது கசந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

ஐந்தாவது சுருட்டில் புகை கூப்பிடாமலே வந்தது. எந்தப் புண்ணியவதி சுருட்டியதோ என்று பொறாமைப்பட்டுக்கொண்டே பத்து போட்டான்.

குழுத் தலைவி ஒனெலியா பெயர்கள் இருந்த உறையைப் பிரித்தாள்.

"அஞ்சாம் நம்பர், மிக்தாலியா. ஒன்பதாம் தரம்." எவேலியோவின் வாய் திறந்தபடியே நிற்க, அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "மூணாம் நம்பர் பரீட்சைக்கு வந்ததில்ல. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக நேத்து ஒரு மேசையிலேர்ந்து எடுத்தது. உன் மேசைதான் எவேலியோ. மத்தவங்க எல்லாம் ஆறு போட்டிருக்காங்க. நீ ஒருத்தன்தான் அஞ்சு."

ருபெர்த்தோ சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

"சும்மா ஒப்பிடத்தானே, உன் மார்க் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடவா?" என்றாள் ஒனெலியா.

"வேணாம். அஞ்சு அஞ்சாவே இருக்கட்டும்."

கீழே கூடத்தில் எல்லோரும் இலை வெட்டும் பிறைக்கத்தியை மேசையில் தட்டி மிக்தாலியாவை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு எவேலியோ நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"மூணாவது யாரோடதுன்னு நெனச்சே?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "உன்னோடதுன்னு."

"மூணு மாசமா ஞாயித்துக்கெழமை தவறாம உன் எதிர்ல உக்காந்துதானே சுருட்டிப் பழகினேன்? என் கை மாறினது தெரியலையா உனக்கு?"

"பேஸ்பால் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் மேசையில் கிடந்த ஒரு இலைக்காம்பை எடுத்தாள். "என்னோடதுன்னு நெனச்சும் அஞ்சுதான் போட்டியா?"

"ஆமா."

"அது சரி. அஞ்சாவதுக்கு?"

"பத்து. யாரோ சுருட்டத் தெரிஞ்ச பொம்பளைன்னு நெனச்சேன்."

இலைக்காம்பு பறந்து வந்து அவன் மூக்கில் விழுந்தது. பிறகு அவள் கை நீட்டினாள். அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த மூன்றாம் எண்ணின் மிச்சத்தை எடுத்துக் கொடுத்தான். கத்தியால் ஒரே கீறல். உள்ளே இலைகள் கயிறுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"பாரு. இலையை முறுக்கித் தொலைச்சிருக்கே. மடிக்கணும், காத்து போக வழி விடணும். ஒரு முக்காலிய இழுத்துப் போடு."

எவேலியோ உட்கார்ந்தான். இலைகளை மடித்துச் சேர்த்து நீட்டினான். அவள் ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அப்படியே பிரித்துப் போட்டாள்.

"திரும்ப."

அவன் திரும்ப மடிக்க ஆரம்பித்தான்.