இரண்டாவது ரவுண்டு

என் மகளின் மூக்கில் முதல் குத்து இறங்கியபோது நான் எட்டாவது மேசைக்கு ரொட்டி வைத்துக்கொண்டிருந்தேன். இளைஞர் மன்றத்துக்கு நிதி திரட்டும் காலை விருந்து அது. பிள்ளைகளின் மாலை வகுப்பு, கணினி, குத்துச்சண்டை எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் இந்த விருந்தை நம்பித்தான் ஓடுகின்றன. மண்டபத்தின் நடுவில் மேசைகளை ஒதுக்கிக் கயிறு கட்டியிருந்தார்கள். பெரிய மனிதர்கள் முட்டையைத் தின்றபடி பிள்ளைகளின் திறமையைப் பார்ப்பார்களாம்.

குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவன் என் தம்பி. மகளின் இடது கண்ணில் விழித்திரை கிழிந்து, ஒட்டவைத்து ஐந்து மாதம்தான் ஆகிறது. இன்னொரு அடி தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"சும்மா தொட்டுக்குவாங்க அக்கா. என் மருமக கண்ணு எனக்குப் பெருசில்லையா?" என்றான் தம்பி. அந்த ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர் மன்றத் தலைவர். அவரே மகளைக் களத்தில் இறக்கச் சொல்லிக் கேட்கும்போது எந்த வாயால் முடியாது என்பேன்? தலையை ஆட்டித் தொலைத்தேன்.

முதல் ரவுண்டில் தொட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "என்னம்மா, டான்ஸா ஆடுறீங்க?" என்று ஒருவர் கத்த, மண்டபமே சிரித்தது. என் மகளுக்கு எதிராகச் சண்டைக்கு நின்ற, மன்றத்து வேன் டிரைவர் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டாவது ரவுண்டில் அவள் நிஜமாகவே குத்தினாள். என் மகளும் சும்மா விடுகிற ஜாதியில்லை, விலாவில் இரண்டு கொடுத்தாள். போட்டோவில் முகம் தெரியவேண்டும் என்று தம்பி தலைக்கவசத்தைக் கழற்ற வைத்திருந்தான். மூக்கிலிருந்து ரத்தம் தெறித்து முன்வரிசை மேசையின் வெள்ளை விரிப்பில் விழுந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது.

"நிறுத்துடா!" என்று கத்தினேன். யார் காதில் விழும்?

ரவுண்டு முடிந்தால் அடிக்கிற மணியை மன்றத்திலிருந்து எடுத்துவர மறந்திருந்தான் தம்பி. கண்ணாடி டம்ளரில் ஸ்பூனால் தட்டினால் ரவுண்டு முடிந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தான். தலைவருக்கு அது தெரியாது. யாரோ பெரிய தொகை தருவதாக அவர் காதில் சொல்ல, அதை அறிவிக்க எழுந்து டம்ளரைத் தட்டினார்.

என் மகள் உடனே கையை இறக்கினாள். மணி கேட்டால் இறக்கவேண்டும், ஏழு வருடப் பழக்கம். டிரைவர் மகளின் வலது கை அதற்குள் பாதி தூரம் வந்துவிட்டது. இடது கண்ணில் முழு வேகத்தில் விழுந்தது.

தட்டைப் போட்டுவிட்டுக் கயிற்றைத் தாண்டினேன். தடுக்க வந்த தம்பியின் வாயில் முஷ்டியால் ஓங்கி அறைந்தேன், பல் என் விரலைக் கிழித்தது. மறுபடியும் அறைந்தேன். அதுவும் நிகழ்ச்சி என்று நினைத்து யாரோ விசில் அடித்தார்கள். டிரைவர் மகள் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, மாமாவை விடு. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் என் மகள். பல்லெல்லாம் ரத்தம். "வேணும்னா டெஸ்ட் பண்ணிப் பாரு."

அவளுடைய வலது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். இன்னொரு கையை முஷ்டியாக்கி, இடது கண்ணை நோக்கி வேகமாகக் கொண்டுபோய் இமையருகே நிறுத்தினேன்.

திறந்திருந்த அந்தக் கண் இமைக்கவே இல்லை. அவள் முகத்தை நிமிர்த்தியபடியே நின்றாள்.

"சீக்கிரம் பண்ணும்மா" என்றாள். "எல்லாரும் பாக்குறாங்க."