பத்தை ஒன்பதாக்கியவன்

வேதாசலம் விமானம் இறங்குகிற இடத்தில் நம்பரைத் தப்பாக எழுதிவிட்டான் என்கிற செய்தி, அவன் ஆந்திராவில் பஸ் ஏறுவதற்கு முன்பே திருத்தணி வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுவந்தவன் அவன் பெண்டாட்டி அம்சாவின் தம்பி தணிகாசலம். கூட வேலைக்குப் போனவன், இரண்டு நாள் முன்னதாகத் திரும்பி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து பாதிக் கதையைச் சொல்லிவிட்டான். எட்டு வருஷத்துக்கு முன் அக்கா புருஷன், அவனுக்குப் பாவா, எழுதிய பத்தை, அவரையே கூப்பிட்டு அழிக்கச் சொல்லி, ஒன்பது என்று எழுதவைத்தார்கள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். மீதியை டீக்கடை பார்த்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் ஒரு விமானம் கரும்புத் தோட்டத்தில் இறங்கியிருந்தது.

வேதாசலத்துக்கு ரோட்டில் கோடு போடுகிற வேலை; எப்போதாவது விமான ஓடுதளத்துக்கும் கூப்பிடுவார்கள். வெள்ளைக்கோடு, மஞ்சள்கோடு, அம்புக்குறி, வேகத்தடைப் பட்டை. இருநூறு டிகிரியில் கொதிக்கிற பெயின்ட்டை வண்டியில் தள்ளிக்கொண்டு, தார்ச்சாலையின் சூட்டையும் வாங்கிக்கொண்டு இருபது வருஷம் நடந்திருக்கிறான். இடது காலில் இரண்டு விரலுக்கு நகம் கிடையாது. இவ்வளவு கோட்டில் ஒன்றே ஒன்றுதான் தப்பாகிப்போனது. கனகம்மாசத்திரம் பக்கம் ஓர் அம்புக்குறி. வரைபடத்தை மேஸ்திரி தலைகீழாகப் பிடித்ததால், திருப்பதிக்குப் போகிற வண்டியெல்லாம் அரைநாள் பூரா ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து ஊரில் அவன் பெயர் அம்புக்குறி.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடையிலிருந்து குரல் வந்தது. "வா அம்புக்குறி! பிளேனு எல்லாம் ஒயுங்கா எறங்குதா?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். கேலி அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த வாரம் பார்த்து இது வந்திருக்க வேண்டாம். பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுகிற ஹரிஹரன், மலைக்கோயில் படிகளுக்கு நம்பர் எழுதித் தருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அனுமதியும் வாங்கிவிட்டார். முந்நூற்று அறுபத்தைந்து படி. வருஷக் கடைசியில் படித்திருவிழா வருவதற்குள் முடிக்க வேண்டும். அந்த வேலை வேதாசலத்துக்குத்தான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். ரோட்டில் எழுதினால் லாரி தேய்த்துவிடும். மலைப்படியில் எழுதினால், கும்பிட ஏறுகிறவன் ஒவ்வொருவனும் குனிந்து பார்ப்பான். வேதாசலத்துக்கு அந்த வேலை வேண்டும். அம்புக்குறி என்கிற பெயர் அங்கேதான் கழியும் என்று அவன் நம்பினான்.

வீட்டில் அம்சா அடுப்படியிலிருந்தே கேட்டாள். "யோவ், நெசத்த சொல்லு. தப்பா எழுதினியா இல்லியா?"

"எழுதலடி."

"பின்ன இன்னாத்துக்கு அழிச்சே?"

"வடக்கு நகந்துபோச்சு."

அம்சா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தாள்.

"குடிக்கலடி! அங்க ஒரு இன்ஜினியர் பொண்ணு சொல்லிச்சு. வடக்கு ரெண்டு இருக்குது. மேப்புல இருக்கிற வடக்கு ஒண்ணு, அது ஆடாது அசையாது. காந்தமுள்ளு காட்டுற வடக்கு இன்னொண்ணு. அது பூமிக்குள்ள இருக்கிற காந்தத்தோட வேல, வருசா வருசம் துளித்துளியா நகந்துகினே இருக்கும். பைலட்டு முள்ளு கணக்குலதான் எறங்குறான். அதனால தரையில எழுதுற நம்பரும் முள்ளு கணக்குதான்."

"நகந்தா நகரட்டும். பத்து எப்பிடி ஒம்போதாச்சு?"

"ஓடுதளம் எந்தப் பக்கம் பாத்துகினு இருக்குதோ அந்த டிகிரிய பத்துப் பத்தா கணக்கு பண்ணுவாங்க. தொண்ணூத்தஞ்ச தாண்டினா பத்து. தாண்டலன்னா ஒம்போது. நான் எழுதும்போது ஒரு நூலு தாண்டி இருந்துச்சு. இப்ப ஒரு நூலு கீழ வந்துடுச்சு."

"ஒரு நூலுக்கா முப்பது அடி நம்பர சொரண்டினீங்க?"

"ரெண்டு பக்கமும். அந்தக் கோடியில இருபத்தெட்டு, இருபத்தேழாச்சு."

அம்சா அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "குடிக்கல. வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சு," என்று சொல்லிவிட்டு சோறு போட்டாள்.

மறுநாள் காலை ஹரிஹரன் படி அடிவாரத்துக்கு வரச்சொல்லியிருந்தார். அம்சாவும் கிளம்பினாள். நூல் பிடிக்கிறதும் சாக்பீஸ் கோடு போடுகிறதும் எப்போதும் அவள் வேலை. தணிகாசலம் வேடிக்கை பார்க்க வந்தான். வாய்விட்ட குற்றத்துக்கு அக்கா முதுகில் ஏற்கனவே இரண்டு வைத்திருந்தாள். ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை.

ஹரிஹரன் நல்ல மனுஷன். அதனால் நேராகச் சொல்லமுடியாமல் சுற்றினார். "வேதாசலம், இது சாமி படி. நாளுக்கு ஒண்ணா முன்னூத்தி அறுபத்தஞ்சு. நடுவுல ஒண்ணு தப்பினா கணக்கே ஏறுமாறா பூடும். நீ கெட்டிக்காரன்தான், ஆனா..."

"அண்ணா, உங்க போனுல திசை காட்டுறது இருக்குதா?"

"ஆங், இருக்கும். எதுக்கு?"

"எடுங்க. மேல் படிய பாத்து நில்லுங்க. நம்பர மட்டும் படிங்க."

ஹரிஹரன் விலை உயர்ந்த போனை எடுத்து நீட்டிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து மாலை போட்ட ஒரு கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு ஏறியது. முன்னால் வந்தவர் தோளில் ஆளுயர இரும்பு வேல். அது ஹரிஹரன் கையை உரசுகிறமாதிரி போனதும், போனில் இருந்த முள் சட்டென்று திரும்பியது. வேல் தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

ஹரிஹரன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "முருகா! முள்ளே உன் வேலைக் கும்புடுதுப்பா! இதுக்கு மேல இன்னா வேணும்? வேதாசலம், வேல உனக்குத்தான்!"

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். வேதாசலத்துக்கு அது வராது. "அது இல்லண்ணா. அது இரும்பு. முள்ளு பக்கத்துல இரும்பு வந்தா அப்பிடித்தான் இழுக்கும். என் பெயின்ட் டப்பாவ வெச்சாலும் திரும்பும்."

அம்சா அவன் நகமில்லாத விரலைப் பார்த்து மிதித்தாள். காரியம் கெட்டுவிட்டது. ஹரிஹரன் முகம் சுருங்கியது. "டப்பாவும் வேலும் ஒண்ணாய்யா உனக்கு?"

"சாமிக்கு ஒண்ணு இல்லண்ணா. முள்ளுக்கு ஒண்ணுதான்," என்றான் வேதாசலம், காலை உதறிக்கொண்டே. "நான் காட்ட வந்தது வேற. இப்ப கூட்டம் பூடுச்சி. நம்பரு இன்னா காட்டுது?"

வேண்டாவெறுப்பாகப் பார்த்தார். "கடைசில ஏழு."

"அப்பிடியே நில்லுங்க. செட்டிங்ஸ்ல உண்மை வடக்குன்னு ஒரு பொத்தான் இருக்கும். அத்த அமுக்குங்க. கால நகத்தாதீங்க."

தேட நேரம் பிடித்தது. அமுக்கினார். குனிந்து பார்த்தார். மறுபடி அணைத்தார், மறுபடி அமுக்கினார்.

"ஆறு ஆவுது. அணைச்சா ஏழு."

"நீங்க நகந்தீங்களா?"

"இல்லியே."

"மலை நகந்துச்சா?"

ஹரிஹரன் நிஜமாகவே அண்ணாந்து மலையைப் பார்த்தார். தணிகாசலமும் பார்த்தான். இரண்டு பேருக்கும் பாதி விளங்கியது, பாதி தொங்கியது. வேதாசலம் மறுபடி மேப்பு, காந்தம் என்று ஆரம்பித்தான். அவன் பேசப்பேச ஹரிஹரன் முகம் இருண்டுகொண்டே வந்தது.

"நீ கம்முனு இருய்யா," என்றாள் அம்சா. "அண்ணா, நான் சொல்றேன். மேல மூலவர் இருக்கிறாரு. அவரு எடத்த விட்டு அசையறதில்ல. உற்சவர் இருக்கிறாரு. அவரு வீதி சுத்துவாரு. ரெண்டு பேரும் முருகன்தான?"

"ஆமா."

"மேப்பு மூலவர பாக்குது. முள்ளு உற்சவர் போற பக்கமா திரும்பிகினே கெடக்குது. பிளேனுக்காரன் கும்புடுறது உற்சவர. அவரு ரெண்டு அடி நகந்தா, அவன் கணக்கும் நகரும். என் வூட்டுக்காரன் எழுதினது அன்னிக்கு சரி. அழிச்சது இன்னிக்கு சரி."

வேதாசலம் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நேற்று ராத்திரி வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்றவள் இவள்தான்.

ஹரிஹரன் வாய்விட்டுச் சிரித்தார். "இத்த மொதல்லயே சொல்லித் தொலைக்கக்கூடாதாடா வேதாசலம்? சரி, படி எந்தக் கணக்கு?"

"மூலவர் கணக்குண்ணா. அசையாது," என்றாள் அம்சா.

"அப்ப எழுதுங்க. ஒண்ணு மட்டும். எண்ணுறது உன் பொண்டாட்டி. நீ எழுதுறதோட நிறுத்திக்க."

அன்றே ஆரம்பித்தார்கள். அம்சா எண்ணிச் சாக்பீஸால் கோடு இழுப்பாள், வேதாசலம் மண்டிபோட்டு எழுதுவான், தணிகாசலம் எழுதியது காயும்வரை கயிறு கட்டி ஆட்களை ஓரமாக அனுப்புவான். அவன் வாய்க்கு அதுதான் தண்டனை. மூன்றாம் நாள் நூற்றுப் பதினெட்டில் இருக்கும்போது, இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா கயிற்றைக் கவனிக்காமல் ஏறிவிட்டாள். ஈரமாக இருந்த எட்டின் மேல் வெறுங்காலை வைத்தாள். அடுத்த படியில் ஒரு அரை எட்டு, அதற்கடுத்த படியில் ஒரு கால் எட்டு விழுந்தது. "இன்னும் எத்தினி படிங்க?" என்று திரும்பிக் கேட்டபடியே போய்விட்டாள்.

தணிகாசலம் கயிற்றைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "பாவா! நம்பரு நகந்துபோச்சு பாவா! மூலவர் கணக்குன்னு அக்கா சொல்லிச்சே!"

வேதாசலம் தின்னரில் நனைத்த துணியை எடுத்து அவன் மூஞ்சியில் எறிந்தான். "தொடைடா. நீ கயிறு புடிச்ச லட்சணம் அது."

அம்சா மேலே நின்று, எண்ணிக்கை மறந்துவிடாமல் இருக்க, நூற்றுப் பத்தொன்பது, நூற்றுப் பத்தொன்பது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே சிரித்தாள்.