பக்கத்து இலை

1

இந்தக் கதை ஒரு லிஃப்டில் பிறந்தது. நூம்பலில் நண்பனைப் பார்க்கப் போன அடுக்ககத்தில், லிஃப்ட் சுவரில் ஓர் அறிவிப்பு: 'உணவுக் கோளாறு சிகிச்சை நிதிக்காக மாபெரும் இட்லி சாப்பிடும் போட்டி. அனைவரும் வருக.' மூன்றாவது மாடிவரை சிரித்தேன். ஐந்தாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த நிதியைத் திரட்டக் கிளம்பியவர் யாரோ, அவரும் இதே லிஃப்டில்தானே போய்வந்திருப்பார்? அவருக்கு நிவேதிதா என்று பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

கண்ணாடி முன் நின்ற நிவேதிதா தன் எலும்புகளை ஒவ்வொன்றாக—

(வேண்டாம். இந்த நோயைப் பற்றிய கதையெல்லாம் கண்ணாடியில்தான் தொடங்குகிறது. அவள் எடையையும் எழுதப்போவதில்லை. கேட்காதீர்கள்.)

வேறு மாதிரி. சாப்பிடவே பயந்த வருடங்களைத் தாண்டி, சிகிச்சையில் தேறிக்கொண்டிருப்பவள் நிவேதிதா. காசில்லாதவர்களுக்கும் அந்தச் சிகிச்சை கிடைக்கட்டும் என்று, தன்னைத் தேற்றிய அறக்கட்டளைக்கு நிதி திரட்டுகிறாள். அவள் ஏங்குவது ஒன்றுக்குத்தான். அம்மா மங்களம் முன்போல் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும். நோய் வந்ததிலிருந்து அம்மா மகளின் தட்டை மட்டும்தான் பார்க்கிறாள்.

3

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுப்பராயன், ஆவடி தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். போட்டி அவருடைய யோசனை. (முதல் வரைவில் வில்லனாக்கினேன். மனிதருக்கு ஒட்டவில்லை.)

"அங்கிள், இது சாப்பிட முடியாம கஷ்டப்படுறவங்களுக்கான நிதி. அதுக்குப் போய் போட்டியா?"

"அதாம்மா! நாம சாப்பிட்டுக் காட்டுனா அவங்களுக்கும் ஒரு தைரியம் வருமில்ல?"

கரையான்சாவடி இட்லிக்காரர் வேம்புலியும் அங்கே நின்றிருந்தார். "போட்டி இல்லன்னா இன்னா சார் பண்றது? அரிசி ஊறிகினு கீது. அத்தினியும் நானே துன்னவா?"

நிவேதிதா சிரித்துவிட்டாள். சிரிப்போடு யோசனையும் வந்தது.

"பந்தியா வெச்சுக்கலாம் அங்கிள். ஆனா அடுத்தவங்க இலையப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. 'இன்னொண்ணு வெச்சுக்கோ', 'இவ்ளோதானா', 'இளைச்சுட்டியே', எது சொன்னாலும் உண்டியல்ல அபராதம்."

"உபசாரமே இல்லாம ஒரு பந்தியா?" சுப்பராயனின் முகம் தொங்கிப்போனது.

4

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துமிடத்தில் பந்தி. முதல் அபராதம் செயலாளருடையது. "என்னப்பா கௌதம், தொப்பை கொஞ்சம்..." என்று எதிர் வரிசைப் பையனிடம் ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு உண்டியலுக்கு நடந்தார். திரும்பும் வழியிலேயே இன்னொரு முறை மாட்டினார்.

"அண்ணாத்தே, உண்டியலாண்டயே உனக்கு எல போட்டுடவா?" என்றார் வேம்புலி.

(நம் ஊரில் அன்பு ஏன் எப்போதும் அடுத்தவர் வயிற்றைப் பற்றியே பேசுகிறது என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. வெட்டிவிட்டேன்.)

நிவேதிதாவுக்குப் பக்கத்தில் மங்களம். வாயை இறுக மூடியிருந்தாள். கண் மட்டும் மகளின் இலையில்.

"அம்மா, உன் இட்லி ஆறுதும்மா."

"என் இலையப் பத்திப் பேசிட்டே. உண்டியல்ல அபராதம் போடுடி."

நிவேதிதா எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். "போட்டாச்சு. இப்பவாச்சும் சாப்பிடு. உன்கூட சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

"தெனம் உன்கூடத்தானே உக்கார்றேன்?"

"உக்கார்ற. பாக்குற. சாப்பிடறதில்ல."

மங்களம் குனிந்து தன் இலையைப் பார்த்தாள், யாருடையதோ என்பதுபோல.

5

முடிவு ஒன்று: நிவேதிதா எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிக்கிறாள். எல்லோரும் கைதட்டு— (பொய். தேறுவது ஒரே காலையில் முடிகிற வேலையில்லை.)

முடிவு இரண்டு: அவள் பாதியில் எழுந்து— (எழுதக் கை வரவில்லை.)

இன்னொன்று. மங்களம் ஒரு துண்டு பிட்டு, சாம்பாரில் தோய்த்து வாயில் வைத்தாள். பிறகு, மகள் பக்கம் திரும்பாமலே, "ஏண்டி, நாலாவது மாடி ஷர்மிளா வேலைய விட்டுட்டாளாமே?" என்றாள்.

நிவேதிதாவின் கை இலைக்குப் போனது.

எவ்வளவு சாப்பிட்டாள் என்றுதானே பார்க்கிறீர்கள்? நானும் அதைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போதும், திரும்பிக்கொள்வோம். ஷர்மிளா ஏன் வேலையை விட்டாள் என்று மட்டும் நீங்கள் யோசித்துக் கொடுங்கள். பேசப் பேச வளர்கிற காரணமாக இருக்கட்டும். அம்மாவும் பெண்ணும் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள்.